சுடாத எண்ணெய்

சிலுவைக்கரையில் ரெஜிஸ் பேக்கரியின் எண்ணெய் மனுஷரைச் சுடுவதை நிறுத்திக்கொண்ட அன்று வெள்ளிக்கிழமை, கடலில் சாளை நிறையப் பட்டிருந்தது, கோயில் மணி பத்து நிமிஷம் பிந்தி அடித்தது, இவை தவிர அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பதினொரு வருஷமாக அந்தக் கடையில் வடையும் பஜ்ஜியும் மீன் கட்லெட்டும் பொரித்துவந்த கித்தேரியம்மாள், எண்ணெய் கொதிக்கிற பிரையர் தொட்டிக்குள் நழுவி விழுந்த கரண்டியைப் பிடிக்கப் பதறிக் கையை விட்டாள். கை முழங்கை மட்டும் உள்ளே போயிற்று. பக்கத்தில் உளுந்தவடைகள் தம்பாட்டுக்குச் சிவந்துகொண்டிருக்க, அவள் கையோ உச்சிவேளையில் பாறைக்குழிக்குள் தேங்கிக் கிடக்கிற கடல்தண்ணீரில் முங்கினதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்துப் பார்த்தாள். கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. விரலிடுக்கில் கருகின மாவும், நகக்கண்ணில் கறுத்த கசடும், முழங்கையிலிருந்து நூல்நூலாக வழிகிற பழைய எண்ணெயின் பிசுக்கும்தான் இருந்தன. ஆண்டவர் தனக்கு ஒரு புதுமை, ஒரு அற்புதம், காட்டியிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டியது. வந்ததோ ஓங்கரிப்பு.

அப்போதே சேலையில் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். பழக்கத்தில் அந்த எண்ணெய்க் கையாலேயே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அதைக் கல்லாவில் இருந்த ரெஜிஸ் பார்த்துவிட்டான்.

காரணம் தேடினவர்கள் குறைவு. தேடினால் சொல்ல ஒன்று இருந்தது. அந்தப் பிரையர் கரன்ட்டில் ஓடுகிறது. அதற்கு இரண்டு காவல். ஒன்று, எவ்வளவு சூடு வேண்டும் என்று திருகி வைக்கிற குமிழ். மற்றது, குமிழ் கெட்டுப்போய் எண்ணெய் அளவுக்கு மேல் சூடேறினால் தானாகக் கரன்ட்டை அறுத்துவிடுகிற ஒரு சின்னச் சாமான். மெக்கானிக்குகள் அதைக் கட்-ஆஃப் என்பார்கள். அதன் நீளச் செம்பு வால் தொட்டிக்குள் எண்ணெயில் முங்கிக் கிடந்து சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கட்-ஆஃப் கிழடாகி, காரணமில்லாமல் அறுத்து அறுத்து வியாபாரத்தைக் கெடுத்தது. புதுச் சாமான் வாங்கி வந்து மூன்று மாசமாகக் கல்லா மேசை இழுப்பறையில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. மாட்டினால் ஒரு நேர வியாபாரம் போகும் என்று ரெஜிஸ் அந்த வெள்ளிக்கிழமை காலையில் யாரையோ கூட்டிவந்து, கட்-ஆஃப்பைக் கரன்ட் பாதையிலிருந்து கழித்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டான். அன்று மத்தியானம் கித்தேரியின் கை எண்ணெய்க்குள் போனது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை, சந்தன மாதா திருவிழா கிட்டே வந்துகொண்டிருந்தபடியால்.

முதல் வாரம் ரெஜிஸும் அவன் சேக்காளிகளும் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் வலைக்காரர் தெரு சூசையம்மாள் கால் பித்தவெடிப்போடு வந்து, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, இரண்டு குதிகாலையும் பிரையருக்குள் தொங்கவிட்டு, பஜ்ஜி வேகிற நேரம் மட்டும் கண்ணை மூடி இருந்தாள், மறுநாள் வெடிப்பு மூடிவிட்டது என்றாள், அவ்வளவுதான். ஆணிக்கால்காரர்கள் வந்தார்கள், மருக்காரர்கள் வந்தார்கள், சேத்துப்புண் விரல்களை விரித்துக்கொண்டு வந்தார்கள், அக்குள் கட்டியைக் காட்ட வெட்கப்பட்டவர்கள் ஒரு டம்ளரில் மொண்டுபோய் வீட்டில் தடவிக்கொண்டு மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து தொட்டியிலேயே ஊற்றினார்கள், வீணாகக் கூடாதென்று. ஒருவர் பல்செட்டைக் கழற்றி அலசிவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டு ஒரு கட்லெட் கேட்டார். உள்நாட்டிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கும்பல் பெருத்துச் சண்டையானபோது பங்குப் பேரவை கூடி, ஒரு நாளைக்கு ஒரு அன்பியம், அதாவது பங்கின் ஒரு தெருக்குழு, என்று முறை வைத்து, காலை ஆம்பிளைகளுக்கு, மத்தியானத் திரிகால ஜெபத்துக்குப் பிறகு பொம்பிளைகளுக்கு என்று பிரித்து, இடதுகையை முக்குவதா கூடாதா என்பதில் மட்டும் முடிவு வராமல் கலைந்தது. ரெஜிஸ் பிரையருக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஸ்டாண்ட் ஒன்று போட்டான். எண்ணெயை மாற்றக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது; குறையக் குறையப் புதுசை மேலே ஊற்றிக்கொள்ளலாம், அடி அப்படியே இருக்க வேண்டும். அடி அப்படியே இருந்தது. தார் மாதிரிக் கறுத்து, கோந்து மாதிரி இறுகி, காறல் அடித்து, அதன் சிக்கு வாடை ரோடு தாண்டிக் கோயில் பீடத்து விரிப்புவரை ஏறியிருந்தது.

அதே எண்ணெயில்தான் கித்தேரி வடை போட்டாள். அதைத்தான் ஊர் வாங்கித் தின்றது, முன்னைவிட ஆசையாக.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பில் மிதக்கிற ஒரு சொட்டு எண்ணெயைக் கண்டால் சூசையம்மாளின் குதிகால் கண்முன்னே வந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், சீயக்காய் போட்டுக் கழுவினாள், அடுப்புச் சாம்பலும் புளியும் சேர்த்துத் தேய்த்தாள். பிசுக்குத் தோலுக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. தன் வாயில் ஊறுகிற எச்சிலையே விழுங்கக் கூசிப் புறவாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தாள். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மணிகள் விரலில் வழுக்கின. இப்படி மனுஷரை அருவருக்கிறோமே, இதுவும் ஒரு ஆணவம்தானே என்று பயந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"அருவருப்பு பாவமா சாமி?" என்று கேட்டாள்.

பங்குச்சாமியார், ஆயருக்குக் கடிதம் எழுதியிருப்பதாகவும், பதில் வரும்வரை ஆதரிக்கவும் வேண்டாம் தடுக்கவும் வேண்டாம் என்று தான் இருப்பதாகவும், அருவருப்பு பாவமில்லை, வெளியே காட்டிக்கொள்ளாதிருந்தால் ஊருக்கு நல்லது என்றும் சொன்னார். மன்னிப்புக் கொடுக்கக் கையைத் தூக்கினார். வாதம் பிடித்த அவருடைய கட்டைவிரல் மினுமினுவென்று இருந்தது. கித்தேரிக்கு அந்த எண்ணெயின் வாடை தெரிந்தது.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கப்பலில் இருந்தான். இளையவள் பெல்சியா, இருபத்தேழு வயது, பாலர் பள்ளியில் டீச்சர். பெல்சியாவுக்கு இடது காதுக்குக் கீழே தொடங்கித் தாடை, கழுத்து, தோள்பட்டை மட்டும் தோல் சுருங்கி, காய்ந்த பப்படம் மாதிரி இருக்கும். நாலு வயசில் கித்தேரி சோறு வடிக்கும்போது பானை வழுக்கிக் கஞ்சி மேலே கொட்டிவிட்டது; அப்படித்தான் கித்தேரி ஆஸ்பத்திரியில் சொன்னாள், புருஷனிடம் சொன்னாள், ஊரில் சொன்னாள். மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பெல்சியா வெயிலிலும் துப்பட்டாவை இறக்கினதில்லை.

திருவிழாக் கொடியேறின அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பெல்சியா சொன்னாள்: "பத்தாம் நாள் பெரிய பூசை முடிஞ்சதும் முகத்தை முக்கப்போறேம்மா. பேரவையில பேரு குடுத்தாச்சு. உன் மகள்னு எனக்குத்தான் முதல் முறை."

"அந்த எண்ணெயிலயா ஏட்டி?" என்றாள் கித்தேரி. "அதுல யாரு யாரு காலு கிடந்துச்சுன்னு நான் பாத்தவ."

"கிடந்தா என்ன? என்னைச் சுட்டது சுத்தமான கஞ்சித்தண்ணிதான."

பெல்சியா சோற்றைப் பிசைந்துகொண்டே, குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளைக்காக இல்லம்மா. கண்ணாடியில ஒரு தடவை முழுசாப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

அன்றிலிருந்து கித்தேரி சொன்ன ஜெபமெல்லாம் ஒரே ஜெபம். மகள் முகம் அந்தச் சாக்கடையில் இறங்கக் கூடாது. ஆனால் முழு மனசோடு கேட்கவும் முடியவில்லை, தழும்பு போய்விட்டால்? போக வேண்டாம் என்று கேட்க இவள் யார், அதைப் போட்டவளே இவள்தானே.

திருவிழா எட்டாம் நாள் அன்று திசையன்விளை மெக்கானிக் சுயம்புலிங்கம் ஐஸ்கிரீம் பெட்டியைப் பழுது பார்க்க வந்தான். நாற்பது வயதுக்காரன், அதிகம் பேசமாட்டான். போகும்போது பிரையரைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்து, சூடு பார்க்கிற கம்பியை எண்ணெய்க்குள் விட்டு, அதில் தெரிந்த எண்ணைக் கித்தேரிக்குக் காட்டினான்.

"யக்கா, யாரோ குமிழைக் கடைசிவரை திருகிட்டாங்க. இருநூத்தி முப்பதுலயே அறுத்துருக்கணும். இது முந்நூறுக்கு மேல நிக்கி. புகையுதே, பாக்கலியா?"

"எண்ணெய் சுடாது தம்பி" என்றாள் கித்தேரி, ஊர் சொல்கிறதைத் தானும் சொல்கிறவளாக.

"சுடாது, சரி. இன்னும் கொஞ்சம் ஏறிச்சுன்னா தானாத் தீப்பிடிக்கும். அந்தத் தீக்கும் இதே புத்தி இருக்கும்னு யாரு சொன்னா?"

கித்தேரி மேலே பார்த்தாள். கூரைத் தகரம் கரிந்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் கோத்திருந்தது. கீழே, மகள் முகம் இறங்கப்போகிற தொட்டியில், கொழகொழவென்று குமிழி வெடித்துக்கொண்டிருந்தது. ரெஜிஸிடம் போய்ச் சொன்னாள். திருவிழா முடியட்டும் கித்தேரியக்கா என்றான். சுயம்புலிங்கமும் சொன்னான். எண்ணெயை வடித்தால் ஊர் தன்னை உயிரோடு விடாது என்றான் ரெஜிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் பயம் இருந்தது.

வாசலில் வண்டியை எடுக்கப்போன சுயம்புலிங்கத்திடம் கித்தேரி கேட்டாள், மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று.

"வடிச்சு, கழுவி, மாட்டி, சோதிச்சுப் பாக்க ரெண்டு மணி நேரம். வடிக்காம முடியாது. அந்த வால் தொட்டிக்குள்ள கிடக்கு."

"மாட்டினா சுடுமா தம்பி?"

"எனக்குத் தெரியாதுக்கா. மாட்டினா மிஷின் மிஷினா இருக்கும்."

பத்தாம் நாள் பெரிய பூசை, ஆயர் வருகிறார், பிரசங்கத்தோடு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஊரில் ஒரு குஞ்சுகூட வெளியே இருக்காது. கடைச் சாவி கித்தேரியிடம். பிறந்ததிலிருந்து அவள் திருவிழாப் பூசையைத் தவறவிட்டதில்லை, பிள்ளை பெற்ற பதினாறாம் நாளிலும் போயிருக்கிறாள். அன்று புதுச்சேலை கட்டி, மகளை முன்னே அனுப்பிவிட்டு, கடைக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். சுயம்புலிங்கம் பின்வாசல் வழியாக வந்தான்.

கரன்ட்டை அணைத்து எண்ணெயை ஆறவிட நேரமில்லை, அது அவர்களைச் சுடாது என்பதால் ஆறவிடத் தேவையும் இல்லை. அந்த ஒரு உதவிதான் அந்த எண்ணெய் அவர்களுக்குச் செய்தது. வடிகுழாயைத் திறந்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. சுயம்புலிங்கம் கம்பியால் குத்தினான். பிறகு அது வந்தது, நாற்பது நாளும் ஒன்றாகச் சேர்ந்து, கட்டி கட்டியாக, ஏப்பம் விடுகிற சத்தத்தோடு, தகர டின்னுக்குள் விழுந்து மூச்சு விட்டது. அடியில் தங்கினதைக் கித்தேரி கையால் வழித்தாள். கால்நகங்கள் இருந்தன. பிளாஸ்திரிகள், முடிச்சுருள், கழுத்தில் போடுகிற ஒரு உத்தரீயத்தின் துணி, பாதிப் பல், யாரோ முக்கி எடுக்க மறந்த மூக்குத்தி, வறுபட்டுக் கறுத்த என்னவென்று தெரியாத தோல்கள், இவற்றோடு இவற்றைவிட்டுப் பிரியாமல் வடைத்தூள். இதை நாம் தின்றோம், என்று நினைத்தாள். நாம் என்றுதான் நினைத்தாள், அவர்கள் என்று நினைக்க அவளுக்கு வரவில்லை. இரண்டு தரம் பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள், பச்சைத்தண்ணீர்தான் வந்தது. திரும்பி வந்து மறுபடி வழித்தாள்.

ஸ்பீக்கரில் ஆயரின் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியைச் சோடாக்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, தேய்த்து, ஈரம் ஒரு துளி இல்லாமல் துடைத்தார்கள். சுயம்புலிங்கம் பழைய வாலை உருவி எடுத்தான். அது பிசின் பிடித்து விரல் தடிமன் இருந்தது. இழுப்பறையிலிருந்து பெட்டியை எடுத்துப் பிரித்து, புதுச் செம்பு வாலை மடங்காமல் உள்ளே விட்டு, பழையது இருந்த அதே பிடிப்பில் மாட்டி, எண்ணெய் கசியாதபடி நட்டை முடுக்கி, முறுக்கின வயர்களைப் பிரித்து அதனதன் இடத்தில் சொருகினான். அப்போது கோயிலில், அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற மணி அடித்தது. கித்தேரி இருந்த இடத்தில், பிசுக்குத் தரையில், புதுச்சேலையோடு முழங்கால்போட்டாள். சுயம்புலிங்கம் கிறிஸ்தவ வேதக்காரன் இல்லை. ஆனாலும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, மணி நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

புது எண்ணெய் ஊற்றிச் சூடேற்றினார்கள். அவன் வேண்டுமென்றே குமிழைக் கடைசிவரை திருகிவைத்துக் காத்திருந்தான். எண்ணெய் லேசாகப் புகைய ஆரம்பித்தது. டக்கென்று ஒரு சத்தம், பிரையர் விளக்கு அணைந்தது. போதும் என்று சொல்லத் தெரிந்த ஒன்று அந்தக் கடைக்குள் திரும்பி வந்திருந்தது. "அவ்வளவுதான்க்கா. ஆறினதும் இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டுக் குமிழை வடைச் சூட்டுக்கு இறக்கி வைங்க" என்று சொல்லி, பழைய எண்ணெய் டின்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் போய்விட்டான். கித்தேரி நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினாள். ஆண்டவரே, சுடட்டும், என்றாள். ஒரு தாய் இப்படி ஜெபிக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சுடட்டும், சுடட்டும், என்று செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிக்கும் அதையே சொல்லி முடித்தபோது பூசை விட்டு ஊர் வந்து கதவைத் தட்டியது.

எண்ணெயைப் பார்க்க ஊர் முண்டியடித்தது. தொட்டிக்குள் அடித்தகடு தெரிந்தது. ரெஜிஸ் தலையில் கைவைத்துக்கொண்டு, என்ன காரியம் செஞ்சீங்க, என்ன காரியம் செஞ்சீங்க என்று அதையே சொன்னான். சூசையம்மாள் அழுதாள். பேரவைத் துணைத்தலைவர், அடி போய்விட்டாலும் தொட்டி அதே தொட்டிதானே, அருள் தகரத்திலும் இருக்கலாம் என்று ஒரு நியாயம் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வழிவிடுங்க, முதல் முறை கித்தேரி மகளுக்கு என்றார்கள். பெல்சியா முன்னால் வந்தாள். தெருப் பார்க்கத் துப்பட்டாவை இறக்கித் தோளில் போட்டிருந்தாள். கண்ணை மூடிக் குனியப்போனாள்.

"பொறு ஏட்டி. நான் முதல்ல" என்று சொல்லிக் கித்தேரி இரண்டு விரலை எண்ணெய்க்குள் விட்டாள்.

சொய்ங் என்றது. எல்லோருக்கும் கேட்டது. விரலை எடுத்து உயர்த்திக் காட்டினாள். வெள்ளையாகி, சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் கோத்து எழும்பியது. கித்தேரி கத்தவில்லை. அவள் முகத்தில் இருந்தது வேதனை இல்லை என்று கிட்டே நின்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள், ஆனால் அவர்கள் பலதும் சொல்லுவார்கள்.

திருவிழாப் பூசையைத் தள்ளினவளைச் சுடத்தான் செய்யும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, ஊருக்கு அது சரியென்று பட்டது. நான் பூசை கண்டேன், நற்கருணை வாங்கினேன் என்று ரெஜிஸ் மோதிரவிரலை விட்டான். ஐயோ என்று குதித்ததில் மெழுகுதிரி ஸ்டாண்ட் சாய்ந்தது. துணைத்தலைவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு, புதுமைக்கும் ஒரு தவணை உண்டு, திருவிழாவோடு முடிந்தது என்று யாரோ சொல்ல, அதுவும் சரியென்று பட்டது. ஆயருக்கு அனுப்பப் பேக்கரி வடை நாலு கட்டுங்க என்றார் ஒருவர். ரெஜிஸ் ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு தானே வடை போட்டான். நாற்பது நாளில் முதல் தடவையாக அந்தக் கடையில் உளுந்து மணத்தது.

பெல்சியா தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்க் குழாயைத் திறந்து விரல்களைத் தண்ணீரில் பிடித்தாள். வலிக்கும்படியாகவே பிடித்தாள்.

"வேணும்னேதான செஞ்ச."

"ஆமா."

"இனி எனக்கு இது போகாது."

"போகாது ஏட்டி" என்றாள் கித்தேரி. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, இருபத்துமூன்று வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததைச் சொன்னாள்: "அன்னைக்குப் பானை வழுக்கல. கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கிட்டே வடிச்சேன். நீ வந்து நின்னதைப் பாக்கல."

பெல்சியா குழாயை மூடினாள்.

"தெரியும்மா. நாலு வயசுன்னாலும் எனக்குக் கண்ணு இருந்துச்சு."

அவள் அழுகிறாளா என்று கித்தேரி நிமிர்ந்து பார்க்கப் பயந்தாள். கழுத்துத் தழும்பைத்தான் பார்த்தாள், பகல் வெளிச்சத்தில், வெகு கிட்டத்தில், ஒவ்வொரு சுருக்கமாக. பெல்சியா கொப்புளங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்துக்கு ஒன்றும் இல்லை. கடைக்குள் போய்க் கேட்கவும் அவளுக்கு மனசில்லை. தன் சுண்டுவிரலை நாக்கில் வைத்து எச்சில் தொட்டு, தாயின் விரல்மேல் மெல்லத் தடவினாள். மறுபடியும் தொட்டாள், மறுபடியும் தடவினாள். எச்சில் பளபளவென்று வழிந்து உள்ளங்கையில் இறங்கியது. கித்தேரி கையை இழுத்துக்கொள்ளவில்லை. துடைக்கவும் இல்லை.

"பசிக்குது ஏட்டி" என்றாள்.